கறுப்புக் காய் ஜெயித்த ஆட்டம்

செஸ்ஸில் முதலில் ஆடும் வெள்ளைக் காய் கிடைத்தால் பாதி ஜெயித்த மாதிரி என்றுதான் நம் பள்ளி விடுதியில் எல்லோரும் நம்பினோம். 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் கேரம் போர்டு மூலைக்குப் போய், செஸ் அட்டை நடுவுக்கு வந்த காலம் அது. அந்த நம்பிக்கையை மாற்றியவன் தடப்பள்ளி வாய்க்கால் பக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் நம் வகுப்புத் தோழன்.

ஈரோட்டில் பிளிட்ஸ் போட்டி. ஆட்டம் முழுவதற்கும் ஆளுக்கு 5 நிமிடம்தான். இப்போது 3 நிமிடம் கொடுத்து நகர்வுக்கு 2 விநாடி கூட்டித் தருகிறார்கள். அன்று அதெல்லாம் இல்லை. நேரம் முடிந்து கடிகாரத்தின் சிவப்புக் கொடி விழுந்தால் தோல்விதான். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தின் பொத்தானையும் அழுத்த வேண்டும். நம்மிடம் செஸ் கடிகாரம் கிடையாது. வாத்தியார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லச் சொல்லத்தான் பழகியிருந்தோம்.

எதிரே கல்லூரி அண்ணா ஒருவர், வெள்ளை. தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து வேகமாகக் காய்களை வெளியே கொண்டுவந்தார். நம்மவன் பதறவில்லை. சிப்பாயை வாங்கிக்கொண்டான், ராணியை ஒரு கட்டம் முன்னே வைத்தான், ஒரு குதிரையை வெள்ளை ராஜாவின் வாசலுக்கே அனுப்பினான். அதை விரட்ட அவர் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அந்தக் கணமே இன்னொரு குதிரை நடுக்கட்டத்தில் குதித்தது. அதை அவர் தன் குதிரையால் வெட்டினால் அடுத்த நகர்வில் மேட்; வெட்டாவிட்டால் ராணி போகும். ஒன்பதே நகர்வு! சைபீரியப் பொறி என்பார்கள். யாரும் சொல்லித் தராமல், பலகையிலேயே அவன் அதைக் கண்டுபிடித்தான் என்பதுதான் எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

அண்ணா லேசுப்பட்டவர் இல்லை. ராணிக்கு இரண்டு குதிரைகளை வாங்கிக்கொண்டு விடாமல் போராடினார். இருவருக்கும் நேரம் கரைந்தது. கடைசியில் வெள்ளையின் கொடி விழுந்துவிட்டது. நாங்கள் பார்த்துவிட்டோம், ஆனால் பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது, ஆடுபவன்தான் சொல்ல வேண்டும். கடிகாரம் பழகாத நம்மவன் பலகையையே பார்த்துக்கொண்டு இன்னொரு நகர்வும் ஆடினான். பொத்தானை அழுத்தக் கை நீட்டியபோதுதான் கண்ணில் பட்டது.

"கொடி விழுந்துருச்சுங்ண்ணா."

அவர் எழுந்து கை கொடுத்தார். "இன்னொரு ஆட்டம் போடலாமா தம்பி?"

"போடலாங்ண்ணா."

நம் பள்ளியில் இப்போதும் பிள்ளைகள் செஸ் ஆடுகிறார்கள். நம் முன்னாள் மாணவர் சங்கம் இந்த ஆண்டு அனுப்பும் உதவியில் நாலு செஸ் கடிகாரங்களைச் சேர்த்துவிடுவோம். முதல் கடிகாரத்தின் செலவு என்னுடையது.