ஒரு சாக்கு, இரண்டு கணக்கு

போன மாதம் சம்பளத் துண்டு கொடுத்த அன்று, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், மூன்றாவது காம்பராவில் இருக்கும் அக்கா வாசலில் வந்து நின்றார். கிலோ குறைந்துவிட்டது என்று வருகிறவர்களைத்தான் எனக்குப் பழக்கம். இவர் கூடிவிட்டது என்று வந்திருந்தார்.

“தம்பி, இருபத்துநாலு கிலோ பறிச்ச நாளைக்கு முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. எனக்கென்ன நாலு கையா? இப்ப குடுத்துட்டு அடுத்த மாசம் புடிச்சுக்கிடுவாங்க.”

பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் ஓடும் மென்பொருள் நான் எழுதியது. மின் தராசு, பழைய லேப்டாப், ஒரு இன்டர்நெட் டாங்கிள், பைத்தானில் இருநூறு வரி. தராசில் நிறுத்த ஒவ்வொரு சாக்கின் கணக்கும் பைமோங்கோ என்ற பைத்தான் லைப்ரரி வழியாக, சர்வரில் இருக்கும் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸுக்குப் போகும். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிற கிலோ பற்றி எங்கள் அம்மா சாகும்வரை திட்டினார். அந்தக் கழிவையாவது துண்டில் தனியாகக் காட்ட வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன். இப்போது தப்பு என் பக்கம்.

அன்றைய பதிவுகளைத் திறந்தேன். காலை, பகல் நிறுவைகள் சரி. அந்தி நிறுவையில் அக்காவின் 14 கிலோ இரண்டு தடவை, சில நொடி இடைவெளியில். அவருக்கு மட்டுமில்லை, அன்றைக்கு இன்னும் ஆறு பேருக்கு இப்படி. அந்தி நேரத்தில் மழை பிடித்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். அதற்காகவே ஒரு லூப் போட்டிருந்தேன்: அனுப்பு, டைம்அவுட் வந்தால் மறுபடி அனுப்பு, மூன்று தடவை வரை.

டைம்அவுட் என்றால் ‘போய்ச் சேரவில்லை’ என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை. அதற்கு ‘பதில் வரவில்லை’ என்று மட்டுமே பொருள். பதிவு அங்கே பத்திரமாக விழுந்திருக்கலாம், பதில்தான் வழியில் தொலைந்திருக்கும். சந்தைக்கு ஆள் அனுப்பி, ஆள் திரும்பி வரக் காணோமே என்று இன்னொருவரை அனுப்பினால் வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசிதான் வரும்.

‘ரீட்ரை ரைட்ஸ் இருக்கிறதே?’ என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. பைமோங்கோவில் அது தானாகவே இயங்கும், நெட்வொர்க் அறுந்தால் ஒரே ஒரு தடவை மறுபடி முயலும். அந்த மறு முயற்சி முதல் முயற்சியின் எண்ணோடேயே போவதால் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும், இரட்டிப்பாகாது. ஆனால் அதுவும் தோற்ற பிறகு என் லூப் அனுப்புவது அதன் கண்ணுக்குப் புத்தம் புதிய சாக்கு.

ஏன் புதியது? ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள ஐடியை, அதாவது அடையாள எண்ணை, நாம் கொடுக்காவிட்டால் அதை உண்டாக்குவது சர்வர் இல்லை, லைப்ரரிதான். 12 பைட் ஆப்ஜெக்ட் ஐடி: முதல் 4 பைட் நேரம், அடுத்த 5 எழுந்தமானமாக எடுத்த எண், கடைசி 3 ஏறுவரிசை. பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் வன் கட்டளை அந்த ஐடியை, பதிவின் விவரங்களை அடுக்கி நாம் கொடுத்த டிக்‌ஷனரிக்குள்ளேயே எழுதியும் வைக்கிறது. நானோ டிக்‌ஷனரியை லூப்புக்கு உள்ளே உண்டாக்கியிருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் புது டிக்‌ஷனரி, புது ஐடி, புது 14 கிலோ.

திருத்தம் என்று பார்த்தால் டிக்‌ஷனரியை உண்டாக்கும் வரியை லூப்புக்கு மேலே தூக்கி வைத்ததுதான். இப்போது இரண்டாவது முயற்சியும் அதே ஐடியோடு போகிறது. முதல் முயற்சி ஏற்கெனவே விழுந்திருந்தால் டூப்ளிகேட் கீ எரர், 11000, என்று கத்தும். கத்தட்டும். அதைப் பிடித்து ‘பதிவாகிவிட்டது’ என்று திரையில் பச்சை காட்டுகிறேன். பிழைச் செய்தி ஒன்றைப் பார்த்து நிம்மதியானது எனக்கு இதுதான் முதல் தடவை.

கையோடு இன்னொன்றையும் மாற்றினேன். சர்வரைத் தேடுவதற்கு லைப்ரரி வழக்கமாக 30 நொடி வரை காத்திருக்கும். நனைந்த கூடையோடு நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு அரை நிமிடம் என்றால் கணக்கப்பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக் தண்ணிக் கானுக்குள் போட்டுவிடுவார். 3 நொடியாகக் குறைத்து, அதற்குள் கிடைக்காவிட்டால் ஐடியோடு சேர்த்து லேப்டாப்பிலேயே எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் எழுதி வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்புகிறேன்.

அக்காவிடம் 24 கிலோ போட்ட புதுத் துண்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, கழிவு வரி வரைக்கும் வாசித்தார்.

“இது எதுக்குப்பா ரெண்டு கிலோ?”

அது நான் எழுதின கோட் இல்லை என்றேன்.

கரண்ட் இல்லாதபோது லேப்டாப்பின் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் செல் செத்துவிட்டது போலிருக்கிறது. கரண்ட் போய் வந்த ஒரு நாள், சிக்னல் வருவதற்கு முன் தராசில் நிறுத்த சாக்குகளெல்லாம் 2012 ஜனவரித் தேதியில் ஐடி வாங்கிக்கொண்டு பட்டியலின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. சனிக்கிழமை ஹட்டனுக்குப் போகும்போது செல் ஒன்று வாங்க வேண்டும்.