60 அறை, 80 அறை: ரிசார்ட் நிர்வாகம் படிப்பவளின் நாட்குறிப்பு

ஜூன் 9

இன்று வரலாற்று வகுப்பு. உலகின் முதல் ஹோட்டல் பள்ளி 1893-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தொடங்கியது. வகுப்புகள் ஆரம்பத்தில் நடந்ததே ஒரு ஹோட்டலுக்குள்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவரை பெட்டி தூக்கி, பாத்திரம் கழுவி, மேசையில் பரிமாறித்தான் ஆட்கள் இந்தத் தொழிலில் மேலே வந்தார்கள். ஆடம்பர ஹோட்டல் என்றதும் நினைவுக்கு வரும் செசார் ரிட்ஸ்கூட அப்படி வந்தவர்தான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-ல் ஹோட்டல் நிர்வாகத்தைப் பாடமாக்கியது.

பட்டம் வந்து நூறாண்டு ஆன பிறகும் பாதிப் படிப்பு வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கிறது. அது சரிதான் என்று நினைக்கிறேன். இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தொழிற்பயிற்சி எத்தனை மாதம், எந்தெந்தத் துறைகளில்? வரவேற்பு மேசையில் மட்டும் நிற்க வைப்பார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஜூன் 17

நகர ஹோட்டலுக்கும் ரிசார்ட்டுக்கும் என்ன வேறுபாடு? கடற்கரை, நீச்சல் குளம் என்றுதான் வகுப்பில் எல்லோரும் ஆரம்பித்தோம். ஆசிரியர் வேறு பக்கம் திருப்பினார். நகர ஹோட்டலுக்கு வருபவர் வேலையாக வந்து ஓரிரு இரவு தங்கிவிட்டுக் கிளம்புவார். ரிசார்ட்டுக்கு வருபவருக்கு அங்கே தங்குவதுதான் பயணமே. நாலைந்து நாள் அதே முகங்களைப் பார்ப்பார், மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவார், மழை பெய்தால் அவருடைய பொழுதுக்கும் நாம்தான் வழி செய்ய வேண்டும். ஊரிலிருந்து தள்ளி இருந்தால் தண்ணீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ஜெனரேட்டர், ஊழியர் குடியிருப்பு எல்லாவற்றையும் ரிசார்ட்டே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஊழியர் குடியிருப்பு என்றதும் பேனாவை நிறுத்தினேன். வேலை முடிந்தும் அந்த இடத்தை விட்டுப் போக முடியாதவர்கள் இருக்கும் இடம் அது. அவர்களுடைய சாப்பாடும் தூக்கமும் மேலாளரின் பொறுப்பு. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பத்திதான்.

ஜூலை 2

இன்று ரெவ்பார். அறை வருமானத்தை மொத்த அறைகளால், அதாவது காலியாகக் கிடந்தவற்றையும் சேர்த்து, வகுத்தால் வருவது. சராசரி விலையை நிரம்பிய விகிதத்தால் பெருக்கினாலும் அதே எண் வரும். 100 அறை உள்ள இடத்தில் 60 அறையை முழு விலைக்கு விற்றாலும், 80 அறையை முக்கால் விலைக்கு விற்றாலும் ரெவ்பார் ஒன்றுதான்.

இந்தச் சிந்தனைக்கு அடிப்படை எளிது. இன்றிரவு விற்காத அறையை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. விமான இருக்கையும் அப்படித்தான். எந்த இருக்கையை எப்போது என்ன விலைக்கு விடுவது என்ற கணக்கை 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வளர்த்தெடுத்தது. அப்புறம் மாரியட் போன்ற ஹோட்டல் நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டன.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த 60-ஐயும் 80-ஐயும் ஒன்று என்று ஏற்க மனம் வரவில்லை. ஏன் என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 21

ஹவுஸ்கீப்பிங் பயிற்சி. பல பேர் இதை எப்படியாவது கடந்துவிட வேண்டிய பகுதியாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே நல்ல பாடம் இதுதான்.

விருந்தினர் காலி செய்த அறை. கதவைத் தட்டி, ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று சொல்லி, காத்திருந்து, மறுபடி தட்டிய பிறகே திறக்கிறோம். திரையை விலக்கி எல்லா விளக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். எரியாத பல்பு அப்போதுதான் கண்ணில் படும். அலமாரி, இழுப்பறை, கட்டிலுக்கு அடியில் ஏதாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்கிறோம். படுக்கை விரிப்பை உருவும்போது மொத்தமாகச் சுருட்டக் கூடாது, ஒவ்வொன்றாக உதற வேண்டும். மூக்குக் கண்ணாடியும் மோதிரமும் சலவைக்குப் போவது அப்படிச் சுருட்டுவதால்தான். குளியலறையில் மருந்தைத் தெளித்து ஊற விட்டுவிட்டு வந்து படுக்கையைப் போடுகிறோம். ஊறும் நேரம் வீணாகாது. தூசு துடைப்பது கதவில் தொடங்கி அறையை ஒரே திசையில் சுற்றி வந்து கதவிலேயே முடியும், எதுவும் விடுபடாது. தரையை உள் மூலையிலிருந்து வாசலை நோக்கிச் சுத்தம் செய்தபடி வெளியே வந்துவிடுகிறோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது சூப்பர்வைசர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “நின்னு பார்த்தா உனக்குத் தெரியுற அறை வேற, உட்கார்ந்து பார்த்தா அவங்களுக்குத் தெரியுற அறை வேற” என்றார். நானும் உட்கார்ந்தேன். மேசையின் அடி விளிம்பில் காபி வழிந்து காய்ந்த ஒரு கோடு, நேர் எதிரே.

இப்படி ஓர் அறைக்கு அரை மணி முதல் முக்கால் மணி ஆகிறது. விருந்தினர் தங்கியிருக்கும் அறை என்றால் நேரம் குறையும். குனிவதும், மெத்தையின் மூலையைத் தூக்குவதும், ட்ராலியைத் தள்ளுவதும் நாள் முழுக்க. முதுகும் தோளும் வலிக்காதவர் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

ஜூலை 24

விரிப்பு, துண்டுக் கணக்கு. ஒரு செட் அறையில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில்: குறைந்தது மூன்று பங்கு வேண்டும். சலவையிலிருந்து வந்த துணி சற்று ஓய்ந்து கிடந்தால் நீண்ட நாள் உழைக்கும் என்பதால் நாலாவது பங்கும் வைப்பவர்கள் உண்டு. கையிருப்பைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்தால், மதியம் அறை தயாராகாமல் வரவேற்பறையில் விருந்தினர் பெட்டியோடு காத்திருப்பார்.

ஆகஸ்ட் 4

ஓவர்புக்கிங். சிலர் கடைசி நேரத்தில் வரமாட்டார்கள் என்று கணித்து, இருப்பதைவிடக் கூடுதலாக முன்பதிவு எடுப்பது. கணிப்பு தவறினால் யாரையாவது வேறு ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டும். நல்ல இடங்களில் அங்கே தங்கும் செலவும் வண்டிச் செலவும் நம்முடையது. ஓர் இரவுக்கு மட்டும் வருபவரைத்தான் முதலில் யோசிப்பார்கள். குழந்தைகளோடு வருபவர்களை அனுப்பவே கூடாது.

நகரத்தில் இதைச் சமாளிக்கலாம். பக்கத்தில் வேறு இடமே இல்லாத ரிசார்ட்டில் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் எதிர்பார்த்து வந்த விடுமுறையின் முதல் நாளை என்ன கொடுத்துச் சரிக்கட்டுவது? அங்கே ஓவர்புக்கிங் செய்யவே கூடாது என்பது என் கருத்து. வகுப்பில் நான் மட்டும்தான் அப்படிச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19

பராமரிப்புத் துறை. நீச்சல் குளத்து நீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். மேலே ஏறினால் குளோரின் இருந்தும் அதன் வேகம் குறைந்துவிடும். அதைவிட என்னை யோசிக்க வைத்தது காலி அறைகள். குழாயில் தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும். அதனால் சீசன் இல்லாத மாதங்களில் பூட்டிக் கிடக்கும் அறைகளிலும் வாரம் ஒருமுறை ஆள் போய்க் குழாயையும் ஷவரையும் திறந்து ஓடவிட வேண்டும். வெந்நீரைத் தொட்டியில் 60 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். ஆக, ஆளில்லாத அறைக்கும் வேலை உண்டு.

செப்டம்பர் 3

ஜூலையில் மனம் ஏற்காத கணக்கு இன்று பிடிபட்டது. 80 என்றால் 60-ஐவிட 20 அறை கூடுதல். எல்லாம் ஒரே நாளில் காலியானால், அறைக்கு 40 நிமிடம் வைத்தாலும் 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். ஆளைக் கூட்டாமல் விலையை மட்டும் குறைத்தால் அந்த மணி நேரம் ஏற்கெனவே இருப்பவர்கள் முதுகில் ஏறும். தண்ணீர், மின்சாரம், சலவையும் கூடும். ரெவ்பாரில் இது எதுவும் தெரியாது. செலவு போக மிஞ்சுவதை மொத்த அறைகளால் வகுத்துப் பார்க்கும் ‘காப்பார்’ (GOPPAR) என்ற அளவில்தான் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. ரிசார்ட்டில் அந்த 20 அறைக்காரர்களும் சாப்பிடுவார்கள், ஸ்பாவுக்குப் போவார்கள், படகில் ஏறுவார்கள். அந்த வருமானத்தையும் சேர்த்தால் 80 அறையே மேல் என்று ஆகலாம். என் வாதம் 60-க்காக அல்ல. விலையை முடிவு செய்யும் கூட்டத்தில் ஹவுஸ்கீப்பிங் தலைவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். அந்த 13 மணி நேரத்துக்கு ஆள் இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

செப்டம்பர் 12

இறுதிப் பயிற்சிக்கு விருப்பத் துறையைக் குறிக்கச் சொன்னார்கள். அறை விலையைக் கணக்கிடும் ரெவென்யூ துறைக்குப் பலத்த போட்டி. கணினி முன் வேலை, சம்பளமும் சீக்கிரம் ஏறும் என்கிறார்கள். நானும் ஒருநாள் அங்கே போவேன். இப்போதைக்கு முதல் விருப்பமாக ஹவுஸ்கீப்பிங், இரண்டாவதாக ரெவென்யூ என்று எழுதிக் கொடுத்தேன். ஆய்வுத் தலைப்பும் அதை ஒட்டியதே: ஒரு ரிசார்ட்டில் விலை குறைத்த வாரங்களையும் அதே வாரங்களின் கூடுதல் பணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பணி நேரப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு நாளை கடிதம் எழுத வேண்டும்.