எடைபோட்டு அறிந்த வாய்பாடுகள்

நம் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்களில் பலர் இன்று உலகின் பல மூலைகளில் மருந்து ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வேலை பார்க்கிறார்கள். நான் மெல்பர்னில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். முன்னாள் மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர், பள்ளிக்கால நினைவுகளில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். 1980களின் தொடக்கத்தில், மேல்நிலை முதலாண்டில், எங்கள் வேதியியல் ஆசிரியர் அணுவையும் மூலக்கூறையும் மோலையும் கற்பித்த முறையை எழுத வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. ஒரு வாய்பாட்டில் குறியீட்டின் காலடியில் நிற்கும் ஒவ்வொரு சிறு எண்ணும், யாரோ ஒருவர் தராசின் முன் பொறுமையாக உட்கார்ந்து கண்டறிந்தது என்பதை அவர் அந்த ஆண்டு முழுவதும் எங்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அணு, மூலக்கூறு போன்ற துகள்களை மொத்தமாக எண்ணும் அலகான மோலை அவர் தொடங்கியது மயில்துத்தத்தில். காப்பர் சல்பேட் படிகங்களை இரண்டரை கிராம் எடைபார்த்து, பீங்கான் மூசையில் இட்டு, மிதமான சுடரில் சூடேற்றச் சொன்னார். எடைபார்ப்பது அன்று எளிய வேலையாக இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரு தட்டுத் தராசின் எடைக்கற்களை இடுக்கியால்தான் தொட வேண்டும். மில்லிகிராம் பின்னங்களுக்கு ரைடர் என்னும் சிறு கம்பியைத் தண்டின் மேல் நகர்த்த வேண்டும். முள் இருபுறமும் சமமாக ஆடும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். மின்விசிறி சுழலக் கூடாது என்பதால், வடசென்னையின் ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் சட்டை நனைய நனைய எடைபார்த்தோம். மூசைக்குள் நீலப் படிகங்கள் முதலில் ஓரங்களில் வெளுத்து, பிறகு முழுவதும் வெண்பொடியாக உதிர்ந்தன. ஆறவைத்து மறுபடியும் எடைபார்த்தபோது ஏறத்தாழ 1.60 கிராம் இருந்தது. குறைந்த 0.90 கிராம், படிகத்துக்குள் இருந்து ஆவியாகிப் போன நீர்.

அதற்குப் பிறகுதான் கரும்பலகைக்குப் போனார். தாமிரத்தின் அணுநிறை 63.5, கந்தகத்துக்கு 32, நான்கு ஆக்சிஜனுக்கு 64. இவற்றின் கூட்டுத்தொகையைக் கிராமில் எடுத்தால் அதுவே ஒரு மோலின் எடை. ஆக, நீரற்ற காப்பர் சல்பேட்டின் ஒரு மோல் 159.5 கிராம். மூசையில் எஞ்சிய 1.60 கிராம், ஒரு மோலில் நூறில் ஒரு பங்கு. நீரின் ஒரு மோல் 18 கிராம், போன 0.90 கிராம், ஒரு மோலில் நூறில் ஐந்து பங்கு. ஒன்றுக்கு ஐந்து. காப்பர் சல்பேட் படிகத்தின் வாய்பாட்டில் ஒரு புள்ளி வைத்து அதற்கு அப்பால் ஐந்து நீர் மூலக்கூறுகளை எழுதுகிறோமே, அந்த ஐந்தை அன்று நாங்களே கண்டுபிடித்தோம். கண்ணுக்குத் தெரியாத துகள்களின் எண்ணிக்கை விகிதம் எங்கள் கையில் இருந்த இரண்டு எடைகளுக்கு இடையில் இருந்து வெளிப்பட்டதை அந்த வகுப்பில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எல்லா மேசைகளிலும் ஐந்து வந்துவிடவில்லை. சுடர் தணிந்திருந்த மேசைகளில் நான்கை ஒட்டிய விடை வந்தது. பாடநூலைப் பார்த்து விடையைத் திருத்திக்கொள்ள ஆசிரியர் யாரையும் விடவில்லை. “உன் மூசை என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதணும், தம்பி” என்பார். பிறகு காரணத்தை விளக்கினார். ஐந்து நீர் மூலக்கூறுகளும் படிகத்தில் ஒரே விதமாகப் பிணைந்திருப்பவை அல்ல. நான்கு, தாமிர அயனியைச் சூழ்ந்து நிற்கின்றன. அவை 100 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே வெளியேறிவிடும். ஐந்தாவது மூலக்கூறு சல்பேட் அயனிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருப்பதால், அது விலக 200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். எனவே நான்கு என்ற விடையும் பொருளுள்ள விடையே. ஒற்றை நீர் மூலக்கூறோடு நிற்கும் இடைநிலைப் பொருளை அந்த மேசைகள் எடைபார்த்திருந்தன. மறுபுறம், சுடரைக் கட்டுமீறி ஏற்றினால் சல்பேட்டே சிதைந்து கரிய காப்பர் ஆக்சைடு தோன்றத் தொடங்கும். அப்போது எடை இழப்பு முழுவதையும் நீரின் கணக்கில் எழுத முடியாது. இவற்றோடு சென்னைக் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெண்பொடியைத் திறந்த மேசையில் ஆறவிட்டால் அது காற்றில் உள்ள நீரை உறிஞ்சி மறுபடியும் நீலம் பாரிக்கும். கால்சியம் குளோரைடு நிரப்பிய டெசிக்கேட்டர் என்னும் ஈரம் புகாத மூடிய கலத்தில் வைத்து ஆறவிட்டு, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும்வரை சூடேற்றுவதையும் எடைபார்ப்பதையும் தொடர்ந்தோம். இன்றும் என் பணியிடத்தில் வடிதாளின் மேல் தங்கிய திண்மங்களை எடைபார்க்கும்போது இதே ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

எடை மட்டும் போதாத இடமும் உண்டு என்பதை அவர் நீரைக் கொண்டு விளக்கினார். ஒரு கிராம் ஹைட்ரஜனோடு எட்டுக் கிராம் ஆக்சிஜன் சேர்ந்து நீர் உண்டாகிறது என்று தராசு சொல்லும். அதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. ஓர் ஆக்சிஜன் அணு ஓர் ஹைட்ரஜன் அணுவோடு சேர்கிறது என்றால் ஆக்சிஜனின் அணுநிறை 8. இரண்டோடு சேர்கிறது என்றால் 16. இரண்டுமே எடைக்குப் பொருந்துகின்றன. 1808இல் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்ட ஜான் டால்டன், வேறு சான்று இல்லாத நிலையில் எளியதைக் கொள்வோம் என்று ஒன்றுக்கு ஒன்றையே தேர்ந்தெடுத்தார். இதற்காக டால்டனைக் குறைத்துப் பேச எங்கள் ஆசிரியர் அனுமதித்ததில்லை. அணுவுக்கு எடை உண்டு, அந்த எடைகளை ஒப்பிட முடியும் என்று துணிந்து சொன்னவரே அவர்தாம் என்பார்.

அந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி வாயுக்களின் பருமனில் இருந்தது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி கிடைக்கிறது என்பது பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக்கின் ஆய்வுகளிலிருந்து தெரிந்திருந்தது. ஒரு பங்கு ஆக்சிஜனிலிருந்து இரண்டு பங்கு நீராவி வரவேண்டுமென்றால், ஆக்சிஜனின் ஒவ்வொரு துகளும் இரண்டாகப் பிரிந்தாக வேண்டும். பிளக்க முடியாத அணு எப்படிப் பிளக்கும்? 1811இல் இத்தாலியரான அவகாட்ரோ இதற்கு விடை தந்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சமபருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். ஆக்சிஜன் வாயுவின் துகள் தனி அணு அன்று, இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறு. பிரிவது அந்த மூலக்கூறுதான். ஒரே தனிமத்தின் அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணையும் என்று பெர்சிலியஸ் போன்ற பெரியவர்கள் ஏற்க மறுத்ததால், இவ்வளவு தெளிவான விடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கனிசாரோ அதை முன்வைத்து வாதாடிய பிறகே அணுநிறைகள் ஒழுங்குக்கு வந்தன. அவகாட்ரோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1856இல், இறந்துவிட்டார். இதைச் சொன்ன நாளில் ஆசிரியர், அமிலம் கலந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். ஒரு குழாயில் சேர்ந்த வாயு மற்றொன்றில் சேர்ந்ததைப் போல இருமடங்காக நின்றது.

மோல் என்பது எவ்வளவு பெரிய எண் என்பதை உணர்த்த அவர் புழல் ஏரியை எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கை, இன்று சொல்லப்படும் 3,300 மில்லியன் கன அடி என்ற முழுக் கொள்ளளவைக் கொண்டு திரும்பச் செய்து தருகிறேன். ஒரு மோல் நீரை, அதாவது 18 மில்லிலிட்டரை, எடுத்து அதன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு, நிரம்பிய ஏரியில் ஊற்றிச் சீராகக் கலந்துவிட்டதாகக் கொள்வோம். ஏரியில் உள்ள நீர் ஏறத்தாழ 9,300 கோடி லிட்டர். அதிலிருந்து 200 மில்லிலிட்டர் டம்ளரில் எங்கு மொண்டாலும், அடையாளமிட்ட மூலக்கூறுகள் ஒரு இலட்சம் கோடிக்கு மேல் அதில் இருக்கும். நீர் மூலக்கூறுகள் தமக்குள் ஹைட்ரஜன் அணுக்களை இடைவிடாமல் மாற்றிக்கொள்வதால், அடையாளத்தை ஆக்சிஜன் அணுவில்தான் இட வேண்டும் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகு அறிந்தேன். இவ்வளவு பெரிய எண்ணை எப்படி எண்ணினார்கள் என்ற கேள்விக்கு அவர் ழான் பெரானைச் சொன்னார். நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் மணிகள் உயரத்துக்கு ஏற்ப எவ்வாறு அருகிச் செல்கின்றன என்பதை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து, 1908-09இல் அந்த எண்ணைக் கணித்தவர் அவர். 1926இல் நோபல் பரிசும் பெற்றார்.

வாய்பாட்டைத் தொழிலோடு இணைத்த வகுப்பு ஒன்றும் நினைவில் இருக்கிறது. உர ஆலை இருந்த மணலியில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பலர் இருந்தார்கள். ஒருநாள் ஆசிரியர் காலியான யூரியா சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் நைட்ரஜன் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, இது சரிதானா என்று கேட்டார். யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன், மொத்தம் 60. அதில் நைட்ரஜன் 28. வகுத்தால் 46.7 வருகிறது. எஞ்சிய சிறு வேறுபாடு ஈரப்பதத்துக்கும் தயாரிப்பில் உண்டாகும் பக்கப்பொருளுக்கும் விட்ட இடம் என்றார். அன்று ஐம்பது கிலோ மூட்டை வாங்கிய செங்கல்பட்டு விவசாயி தம் நிலத்துக்கு 23 கிலோ நைட்ரஜன் இட்டார் என்பது அந்த வாய்பாட்டிலிருந்தே கிடைக்கும் செய்தி.

சோற்று உப்பைப் பற்றி ஒரு சொல். சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று யாராவது விடைத்தாளில் எழுதினால் அவர் சிவப்பு மையால் வட்டமிடுவார். உப்புப் படிகத்தில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. இன்ன சோடியத்துக்கு இன்ன குளோரைடு சொந்தம் என்று பிரித்துக் காட்ட முடியாது. அங்கே வாய்பாடு தருவது விகிதம் மட்டுமே. இதை 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் நிறுவினார்கள். அதே எக்ஸ் கதிர்களைக் கொண்டு தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழைச் சுருளை 1954இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் கண்டதை ஆசிரியர் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமை எங்களையும் தொற்றிக்கொண்டது.

நாங்கள் படித்த வரையறைப்படி, 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை துகள்கள் கொண்டது ஒரு மோல். 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது. இப்போது மோல் என்பது 6.02214076 × 10²³ என்ற எண்ணாகவே நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்றுப் பெரம்பூரில் வசிக்கும் ஆசிரியருக்கு இதைத் தொலைபேசியில் தெரிவித்தேன். சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் கார்பன்-12இன் ஒரு மோல் மிகச்சரியாக 12 கிராம் என்று இனிச் சொல்ல முடியாதே, அது இனி அளந்து அறிய வேண்டிய அளவாகிவிட்டதே என்றார். உண்மைதான், பத்து இலக்கம் அளவுக்குப் போனால்தான் தெரியக்கூடிய ஐயப்பாடு இப்போது அந்த 12இன் பக்கம் வந்திருக்கிறது. அந்த எண்ணை எப்படி உறுதி செய்தார்கள் என்று கேட்டார். சிலிக்கன்-28 ஐசோடோப்பு செறிந்த ஒரு கிலோகிராம் படிகக் கோளத்தைக் கடைந்து, அதன் விட்டத்தை ஒளி அலைகளாலும், அணு அடுக்குகளின் இடைவெளியை எக்ஸ் கதிர்களாலும் அளந்து, அதிலுள்ள அணுக்களைக் கணக்கிட்டதைச் சொன்னேன். காற்றுப் பட்டால் சிலிக்கனின் மேல் ஆக்சைடு படலம் படியுமே, அதன் எடையைக் கழித்தார்களா என்பது அவருடைய அடுத்த கேள்வி. கழித்தார்கள், நானோமீட்டர் கணக்கிலான அந்தப் படலத்தின் தடிமனைத் தனியே அளந்து, அதன் எடையைக் கோளத்தின் எடையிலிருந்து நீக்கிய பிறகே எண்ணிக்கையைக் கணித்தார்கள்.