ஹல்க் ஹோகனும் எங்கள் மாமாவும்

2025 ஜூலையில் அமெரிக்க மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் இறந்ததும், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் உட்காரும் ஒட்டுக்கடையில் இரண்டு கட்சி. லயத்து வீட்டு டிவியில் அவர் பனியனைக் கிழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் மாமா. "செத்த மனுசன ஏண்டா திட்டுறீங்க?" என்றார், தே தாரிக்கை ஊதிக்கொண்டே.

ஹோகன் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசிய பழைய ஒலிப்பதிவு 2015இல் வெளியானதும் மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவரை நீக்கியது. மன்னிப்புக் கேட்டார், சரி. 2018இல் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற வீரர்கள் வரிசையான ஹால் ஆஃப் ஃபேமில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் 2025 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸில் அவர்களுடைய 'ரா' மல்யுத்த நிகழ்ச்சி தொடங்கிய முதல் இரவில், கலிபோர்னியா அரங்கமே அவரைப் பார்த்து வெறுப்போடு 'பூ' என்று கத்தியது. நிறுவனத்துக்கு மூன்று வருடம் போதும். டிக்கெட் வாங்கியவனுக்குக் கிட்டத்தட்டப் பத்து வருடமாகியும் ஆறவில்லை. நான் அந்தக் கூட்டத்தின் பக்கம்தான்.

பள்ளியில், இந்தியர்களை இழிவாகச் சொல்லும் 'கெலிங்' என்ற வார்த்தையால் கூப்பிட்டவனை அடிக்கப் பாய்ந்தவர் மாமா. அதை ஞாபகப்படுத்தினேன். "அது வேற" என்றார். எப்படி வேற?

அதற்குள் பக்கத்து மேசைக்காரர், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசிப் பையனை "டேய் பங்களா, நகரு" என்று அதட்டினார். மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவனுக்குப் பேரு இல்லையா?" என்று எகிறினார். ஹோகனை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.