ஒகசவாரா: ஆளில்லாத் தீவுகளும் அவற்றின் குடிகளும்

டோக்கியோ நிர்வாகத்தின் கீழ் வரும் ஒரு கிராமத்துக்குப் போக, அந்நகரின் தகேஷிபா துறையில் கப்பலேறி 24 மணி நேரம் தெற்கே பயணிக்க வேண்டும் என்றால் நம்பச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கும். சுமார் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக்கில் சிதறிக் கிடக்கும் ஒகசவாரா தீவுகள்தாம் அக்கிராமம். பொதுமக்களுக்கான விமான நிலையம் அங்கே கிடையாது. ஏறக்குறைய வாரம் ஒருமுறை சிச்சிஜிமா தீவுக்கு வரும் 'ஒகசவாரா மாரு' கப்பலைத்தான் பயணிகள் நம்பியிருக்கிறார்கள். அது கிளம்பும்போது உள்ளூர்ப் படகுகள் வெகுதூரம் பக்கத்திலேயே விரைந்து வர, படகிலிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கடலில் குதித்து விடைகொடுப்பது அங்குள்ள வழக்கம்.

பசிபிக் தட்டு அண்டைத் தட்டின் அடியில் அமிழத் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கடலடி எரிமலைகளால் உருவாகத் தொடங்கிய நிலம் இது. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராததால், இங்கு வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலநத்தை இனங்களில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானவை உலகில் வேறெங்கும் இல்லை. 2011-இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு நத்தைகளைவிட மனிதர்களின் கதையே வியப்பளிக்கிறது. 1827-இல் பிரிட்டிஷ் கப்பல் தலைவர் பீச்சி, ஒரு மரத்தில் செப்புத்தகடு அறைந்து இத்தீவுகளைத் தம் நாட்டுக்கு உரியவை என்று அறிவித்துவிட்டுப் போனார். 1830-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த நத்தானியேல் சேவரி முதலிய சில மேற்கத்தியர்கள், பசிபிக் தீவுவாசிகள் பலரோடு ஹவாயிலிருந்து வந்து, அதுவரை நிலையான குடிகள் இல்லாதிருந்த சிச்சிஜிமாவில் குடியேறி, திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு உணவுப் பொருள்களை விற்றுப் பிழைத்தனர். 1876-இல் தீவுகள் ஜப்பானின் வசமாயின. 1882-க்குள் அக்குடும்பங்கள் அனைத்தும் ஜப்பானியக் குடிமக்களாகிவிட்டன.

போர் நெருங்கிய 1944-இல், ராணுவப் பணிக்கென நிறுத்திவைக்கப்பட்ட ஆண்கள் நீங்கலாக, ஏறத்தாழ 7,000 பேர் ஜப்பானின் பெருநிலத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். போருக்குப்பின் தீவுகளைத் தன்வசம் வைத்துக்கொண்ட அமெரிக்கக் கடற்படை, 1946-இல் அந்த மேற்கத்தியக் குடும்பங்களின் வழிவந்தோர் சுமார் 130 பேரை மட்டுமே திரும்ப அனுமதித்தது. அதே ஊரில் பிறந்து வளர்ந்த மற்றவர்கள், 1968 ஜூன் 26 அன்று தீவுகள் ஜப்பானிடம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தத் தீவுகளின் வரலாற்றிலேயே மிக அநீதியான முடிவாக நான் கருதுவது இதைத்தான். போரில் வீடிழந்த அண்டை வீட்டாருக்கு நடுவே, பூட்டன் எங்கிருந்து வந்தான் என்பதைப் பார்த்துக் கோடு கிழித்தார்கள்.

இதே ஒகசவாரா கிராமத்தைச் சேர்ந்த இவோ ஜிமா தீவின் பழைய குடிகளுக்கோ அந்தக் காத்திருப்பு 1968-லும் முடியவில்லை. 1945-இன் கொடும்போர் நிகழ்ந்த அத்தீவில் இன்று ஜப்பானின் தற்காப்புப் படையின் தளம் இயங்குகிறது. முன்னோருக்கு அஞ்சலி செலுத்த அனுமதியோடு போய்வரலாமே தவிர, அங்கே மீண்டும் குடியேற அவர்களுக்கு வழியில்லை.