வரைபடத்தில் நம் கோயில் இருக்கிறதா, போய்ப் பாருங்கள்

நம் பகுதிக்கான உள்ளூர்த் திட்ட வரைவை, அதாவது எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று காட்டும் வரைபடத்தை, பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம் வீடு, ஊதா தொழிற்சாலை. நாம் இன்னும் தோட்டத்தின் மூன்றாவது டிவிஷன் (பிரிவு) என்று சொல்லிக்கொண்டிருக்கும் செம்பனைக்காடு முழுக்க அதில் ஊதாதான். முனீஸ்வரன் கோயிலைத் தேடினேன், ஒரு சாலை அதன் மேலேயே போகிறது.

மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி (சட்டம் 172) இப்படிக் காட்டியே ஆக வேண்டும், ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும், எழுதும்போதே நேரில் பேச வேண்டும் என்று கேட்டால் விசாரணையில் பேசலாம். சட்டம் சரி. ஆனால் கண்காட்சி அலுவலக நேரத்தில் மட்டும், எல்லாம் மலாயில், ஷிப்ட் வேலைக்காரன் எப்போது போவான்?

பிராங் புசார் போன்ற தோட்டங்கள் அரசு நிர்வாக நகரான புத்ராஜெயா ஆனபோது அங்கிருந்தவர்கள் டெங்கில் ஊரின் அடுக்குமாடிக்குப் போன கதை நமக்குத் தெரியும். தொழிற்சாலையோ தாமானோ (வீடமைப்புப் பகுதி) வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தை வெட்டியதிலிருந்து ஒரு மழைக்கே லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பொங்குகிறதே, அந்தத் தண்ணீர் தேங்க ஒரு குளம், தமிழ்ப்பள்ளி வரை ஒரு பஸ், இதையெல்லாம் இப்போது எழுதாவிட்டால் அப்புறம் வாட்ஸ்அப்பில் கத்தித்தான் ஆக வேண்டும்.

"ஊரே எதிர்க்கிறது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த லாட் (நில எண்), என்ன பாதிப்பு, பதிலுக்கு என்ன வேண்டும் என்று எழுதி, பெறப்பட்ட முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுவோம், மலாய் நன்றாக வரும் பிள்ளைகள் வந்தால் நல்லது.