ஆயிரம் பெசோ தாளில் இருந்த நீதிபதி

பழைய பிலிப்பைன்ஸ் ஆயிரம் பெசோ நோட்டில் மூன்று முகங்கள் இருக்கும். அதில் ஒன்று ஹோசே அபாத் சாந்தோஸ். அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. பதவியில் இருந்தது நான்கு மாதம் சொச்சம்தான்.

1886இல் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தவர். அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட அமெரிக்கா தந்த உதவித்தொகையில் அமெரிக்காவுக்கே போய்ச் சட்டம் படித்தார். திரும்பி வந்து அரசு வழக்கறிஞர், நீதித்துறைச் செயலர், 1932இல் உச்ச நீதிமன்ற நீதிபதி என்று வளர்ச்சி. அண்ணன் பெத்ரோ சோஷலிஸ்ட் தலைவர், விவசாயிகளின் ஆள். தம்பியோ அரசாங்கத்தின் ஆள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சு எப்படி இருந்திருக்குமோ!

1941 டிசம்பர் 24, ஜப்பான் படை மணிலாவை நெருங்கும் நேரம். அப்போதுதான் தலைமை நீதிபதி ஆனார். குடியரசுத் தலைவர் கேசோன் நாட்டைவிட்டுக் கிளம்பும்போது கூட வரச்சொன்னார். இவர் போகவில்லை. சரி, போயிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள்.

1942 ஏப்ரலில் செபு தீவில் மகனோடு பிடிபட்டார். ஜப்பானியர்களுக்கு ஒத்துழைக்க மறுத்தார். மே மாதம் மிந்தனாவோ தீவின் மலாபாங்கில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குச் சற்று முன் மகனைப் பார்க்க அனுமதித்தார்கள். அழுத பையனிடம், அழாதே, நாட்டுக்காகச் சாகும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது என்றாராம். மகன்தான் பிறகு வந்து சொன்னது.

2022இல் வந்த பாலிமர் ஆயிரம் பெசோவில் அந்த மூவரும் இல்லை. கழுகுப் படம் போட்டார்கள். கழுகு அழகுதான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.